தில்லைநாயகியின் கூந்தல் முளைத்த இடங்கள்

சித்திரை மாதத்துக் கோடைமழை பூவனத்துறையில் விடிய விடியப் பெய்து ஓய்ந்த மறுநாள், ரவிக்கை தைப்பவளான தில்லைநாயகியின் தலையிலிருந்து ஓராண்டாக உதிர்ந்திருந்த முடியெல்லாம், உதிர்ந்த இடத்திலேயே வேர்விட்டு முளைத்திருந்தது. அவள் வீட்டுத் துவைகல்லைச் சுற்றி முளைத்திருந்தது. அவள் அளவெடுக்கப் போன வீடுகளின் கூடங்களிலும் தாழ்வாரங்களிலும் முளைத்திருந்தது. மளிகைக் கடையின் தராசுக்கு அடியிலும், பேருந்து நிலையத்தில் பெண்கள் நிற்கும் தூணின் ஓரத்திலும், அம்மன் கோயில் பிராகாரத்தில் அவள் வலம்வந்த வழி நெடுகிலும், கரியதாய், மெல்லியதாய், நுனி சற்றே சுருண்டதாய், செம்பருத்தித் தைலத்தின் மணம் மாறாததாய் முளைத்து நின்றது. அது யாருடைய முடி என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. அந்த மணமும் அந்தச் சுருளும் ஊர் அறிந்தவை. அவை தில்லைநாயகியின் தலையைவிட்டு நீங்கிக்கொண்டிருந்ததும் ஊர் அறிந்ததே.

பூவனத்துறை மக்கள் வியப்பதில் பொழுதைப் போக்கவில்லை. முளைத்ததை என்ன செய்வது என்பதே அவர்களுக்குக் கேள்வியாக இருந்தது. ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோயின. இதைக் கத்தரிப்பது துப்புரவுப் பிரிவின் வேலையா, பூங்காப் பிரிவின் வேலையா என்று நகராட்சியில் கூட்டம் போட்டு வாதாடி, முடிவு தெரியும்வரை அந்தந்த வீட்டாரே பின்னி வைக்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். கோயிலில் தீட்டாகிவிடுமோ என்று தயங்கியவர்களிடம் குருக்கள், "உதிர்ந்து கிடந்தாத்தான் தீட்டு. வேர் விட்டுடுத்தோல்லியோ, இனிமே அது செடி. பேசாம தண்ணி விடுங்கோ," என்றார். ஆகவே தண்ணீர் விட்டார்கள். நாள்தோறும் கழுவித் துடைக்கப்படும் கருங்கல் பிராகாரத்திலும் அது தழைத்தது. பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் தங்கள் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வாசல் முடிக்கும் எண்ணெய் வைத்தார்கள். ஆட்டோக்காரர்கள் தங்கள் நிறுத்தத்தில் முளைத்த கொத்துக்குச் செங்கல் அடுக்கி வேலி கட்டினார்கள். பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகள் போகிற போக்கில் அதை இரட்டைப் பின்னலாகப் போட்டுச் சிவப்பு நாடா முடிந்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஊர் ஒன்றைக் கண்டுகொண்டது. முடி நின்ற இடம் அவள் வந்த இடம். முடி அடர்ந்து நின்ற இடம் அவள் நெடுநேரம் இருந்த இடம். அதுவரை உறவையும் நட்பையும் நெஞ்சுக்குள் வைத்து எடைபோட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது தரையைப் பார்த்து எடைபோடத் தொடங்கினார்கள். தாராளமாக முளைத்த வீட்டார் நிமிர்ந்து நடந்தார்கள். முளைக்காத வீட்டார் மனம் கசந்தார்கள்.

"எங்க கூடத்துல ஒத்த முடி இல்லையே தில்லை! எனக்கு மட்டும் தெருவுல நின்னு கண்ணாலயே அளவெடுத்தியா? அதான் அந்த ரவிக்கை கக்கத்துல பிடிக்குது போல."

தில்லைநாயகி சிரித்து மழுப்பிவிட்டு முந்தானையை உச்சந்தலைக்கு இழுத்து விட்டுக்கொள்வாள். நாற்பதைக் கடந்த அவளுக்கு, வகிடு என்பது ஒரு கோடாக இருந்த காலம் போய்ப் பட்டையாகி, பட்டையும் அகன்று, விளக்கடியில் குனிந்து தைக்கும்போது உச்சி பளபளக்கும் நிலை வந்திருந்தது. அதை மறைக்கத்தான் அவள் சீப்பை எடுத்துக் கொல்லைக்குப் போவாள். சீப்பில் வந்ததைச் சுருட்டி, தூ தூ என்று துப்பி, வேலிக்கு அப்பால் எறிவாள். மறைத்ததெல்லாம் இப்போது ஊர் முழுவதும் எழுந்து நின்றது. வளைகாப்பு வீடு ஒன்றில் அவள் தலையில் வைத்த மல்லிகைச் சரம் பிடிமானம் இல்லாமல் வழுக்கி மடியில் விழுந்தபோது, அந்த வீட்டுப் பெண் அதை எடுத்து, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், தங்கள் முற்றத்தில் வளர்ந்திருந்த தில்லைநாயகியின் முடியிலேயே சூட்டிவிட்டு, "இங்க பாருங்க, எவ்வளவு நல்லா நிக்குது!" என்றாள். கூடியிருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். தில்லைநாயகியும் ஆமாம் என்றாள்.

இந்த வெட்கம் பெரிதுதான். ஆயினும் இதற்கும் அடியில் இன்னொரு வெட்கம் இருந்தது. அது ரயில் நிலையத்தில் இருந்தது.

கணவன் கலியமூர்த்திக்கு ஒரே உடன்பிறப்பு அவனுடைய அக்கா சம்பூரணம். கணவனை இழந்தவள், பிள்ளையில்லாதவள், தாயில்லாத தம்பியைத் தானே வளர்த்தவள், கீழத்தெருவில் தனி வீட்டில் இருப்பவள். முழங்காலைத் தொடும் கூந்தல் அவளுக்கு. அறுபதைத் தாண்டியும் அதில் பாதிக்குமேல் கறுப்பு. வாயும் அதே அளவுக்கு நீளம். தம்பி மனைவி குனிந்து பரிமாறும்போது, "வகிடாடி இது? வண்டிப்பாதை மாதிரியில்ல இருக்கு!" என்று பந்திக்கே கேட்கும்படி சொன்னவள். சென்ற கார்த்திகையில் அந்தச் சம்பூரணம் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். மூளையில் இரத்தம் கட்டியிருந்தது. பெரிய ஊருக்குக் கொண்டுபோய் மண்டையைத் திறந்து சிகிச்சை செய்து, பிறகு உள்ளூர் மருத்துவமனையின் பெண்கள் பகுதியில் கொண்டுவந்து கிடத்தினார்கள். இடக்கையும் இடப்பக்க வாயும் இழுத்துக்கொண்டிருந்தன.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் அக்காவின் தலையை மொட்டையடித்துவிட்டார்கள் என்று கலியமூர்த்தி தொலைபேசியில் சொல்லி அழுதபோது, தில்லைநாயகியும் அழுதாள். பேசி முடித்து, பக்கத்து வீட்டாருக்குச் செய்தி சொல்லத் தெருவில் இறங்கினாள். அப்போதுதான் தன் நெஞ்சின் ஓர் ஓரத்தில், சிறியதாய், தெளிவானதாய், ஐயத்துக்கு இடமில்லாததாய் ஒரு மகிழ்ச்சி இருப்பதைக் கண்டாள். தெருமுனை திரும்பும்வரை அது இருந்தது.

அரவை ஆலையில் பகல்வேலை பார்த்த கலியமூர்த்தி இரவில் பெண்கள் பகுதியின் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுப்பதென்றும், உச்சிவேளை முதல் மாலைவரை தில்லைநாயகி உடனிருப்பதென்றும் பேசிக்கொண்டார்கள். முதல் நாள் அவள் தூக்குவாளியில் கஞ்சியோடு மருத்துவமனை வாசல்வரை போனாள். உள்ளே ஒரு மொட்டைத் தலை தன்னைப் பார்க்கும். தன் முகத்தில் அந்த மகிழ்ச்சி எங்கேனும் ஒட்டியிருந்தால் அது கண்டுபிடித்துவிடும் என்று தோன்றியது. தூக்குவாளியைப் பெண்கள் பகுதி ஆயாவிடம் கொடுத்து, ஊட்டிவிடச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்குப் போனால் தெரு கேட்கும். ஆகவே ரயில் நிலையத்துக்குப் போய், வண்டி அதிகம் நிற்காத இரண்டாவது நடைமேடையின் காத்திருப்புக் கூடத்தில், கடைசி இருக்கையில் மாலைவரை உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே. கார்த்திகை முழுவதும், மார்கழியில் சம்பூரணத்தை வீட்டுக்கு அனுப்பும்வரையிலும் அப்படியே. மாலையில் வந்த தம்பி, "தில்லை வந்தாளாக்கா?" என்று கேட்டால், "இப்பத்தான் எந்திரிச்சுப் போறா," என்று சம்பூரணம் கோணிய வாயால் சொன்னாளாம். அதைக் கலியமூர்த்தி வந்து சொன்னபோது தில்லைநாயகி தையல் எந்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. மண்டையைத் திறந்ததில் நினைவு குழம்பியிருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அதே கடைசி இருக்கையைச் சுற்றித்தான், வேறெங்கும் இல்லாத அடர்த்தியோடு, அவளுடைய முடி இப்போது நாணற்புதராய் நின்றது. மழைக்குப் பின் அவள் தனியே போய்ப் பார்த்தாள். ஒரு பிடியைப் பற்றி இழுத்தபோது வலி அவள் தலையில் சுரீரென்றது. கத்தரியால் வெட்டிவிட்டு வந்தாள். அடுத்த முறை போனபோது வெட்டிய இடம் முன்னிலும் கனத்துச் செழித்திருந்தது. நடைமேடையில் தேநீர் விற்கும் மைமூன் அதில் தன் சீப்பைச் செருகி வைத்திருந்தாள். ஊர்க்கண் இன்னும் அங்கே படவில்லை. படாமலே போகும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

அதனால்தான், தோல் மருத்துவர் ஆரோக்கியசாமியிடம் போகலாம் என்று கலியமூர்த்தி அழைத்தபோது அவள் உடனே புறப்பட்டாள். பக்கத்து நகரத்தில் மருத்துவமனை வைத்திருந்த அவர், உருப்பெருக்கிக் கண்ணாடியால் அவள் உச்சியை ஆராய்ந்தபடி, ஊரில் முளைத்திருப்பதைப் பற்றிய விவரத்தையும், வேறொருவர் வயிற்றுவலியைச் சொன்னால் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு மருந்து. காலையில மாத்திரை, ராத்திரி தலையில தடவ ஒரு திரவம். விடாம எடுத்துக்கணும், விட்டா மறுபடி கொட்டும். எடுத்துக்கிட்டா கொட்டுறது நின்னுடும். ஆனா இருக்கிறதுதான் இருக்கும். காடா வளரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"ஊர்ல முளைச்சது?" என்றாள் தில்லைநாயகி.

"அது அங்கேயே நிக்கும். மருந்து உங்க தலைக்குத்தான், ஊருக்கு இல்ல."

"இன்னொரு வழி?"

"நடவு. வழக்கமா பின்தலையில எடுத்து முன்தலையில நடுவோம். உங்களுக்குப் பின்தலையும் தரிசாயிட்டு வருது. ஆனா ஊர்ல இருக்கே! அத்தனையும் உங்க முடி, உங்க உடம்பு ஏத்துக்கும். வேர் மண்ணோட எடுத்து ஈரத்துணியில சுத்திக் கொண்டாரணும். நீங்க பிடுங்கினா வலிக்கும், பிடிக்காது. எங்க முளைச்சுதோ அந்த இடத்துக்காரங்க கொடுக்கிற மனசோட எடுத்துத் தரணும். எங்கயும் மிச்சம் விடக்கூடாது."

"யோசிச்சு வந்து சொல்றோம் டாக்டர்," என்றான் கலியமூர்த்தி.

"நடவே செஞ்சிடலாம்," என்றாள் தில்லைநாயகி.

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். மனைவிக்கு மீண்டும் பின்னல் போட ஆசை வந்துவிட்டது என்று எண்ணி மகிழ்ந்தான். அவளோ தன் தலையை நினைக்கவேயில்லை. மருந்து உண்டால் ரயில் நிலையத்துப் புதர் நின்றுவிடும், நட்டால் புதர் இருந்த தடமே இல்லாமல் போகும் என்பதொன்றே அவள் கணக்கு. வீடுகளிலும் கடைகளிலும் உள்ளதை ஊரார் தரட்டும். மைமூனிடம் உள்ளதைத் தனியே கேட்டு ஒரு பையில் வாங்கிக்கொள்ளலாம். இருக்கும் முடியை மறைப்பதிலேயே கருத்தாயிருந்தவள், இல்லாத முடியைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை.

செய்தி பரவியதும் பூவனத்துறை பொங்கி எழுந்தது. தாங்கள் எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, பூச்சூட்டி வளர்த்ததைப் பிடுங்கிப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவதற்கு எவருக்கும் மனம் வரவில்லை. பெண்ணுக்குச் சீர் கொண்டுபோவதுபோல் தாம்பாளத்தில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று நகரமன்ற உறுப்பினர் இந்திராணி முடிவுசெய்தாள். அவள் முடிவுசெய்தால் அதற்கு மேளமும் உண்டு, மாலை நாலரைக்கு மேல் நல்ல நேரமும் உண்டு. சீர் கொண்டுபோகும் நாளன்று காலையில் அவளே ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தோடு தில்லைநாயகியின் வாசலில் வந்து நின்றாள்.

"முதல் தட்டு ஆஸ்பத்திரியிலேருந்துதான் வரணும். நானே போய் எடுத்துட்டு வரேன். எல்லாரும் அளவெடுக்கப் போன இடத்துல முளைச்சதைத்தான் கொண்டாராங்க. நாத்தனாருக்குப் பணிவிடை செஞ்ச இடத்துல முளைச்சதுக்கு ஈடாகுமா?"

தில்லைநாயகி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "அங்கெல்லாம் எதுக்குங்க... நோயாளிங்க இருக்கிற இடம்," என்றாள் ஒருவாறு.

"அட, சும்மா இரு. உனக்கு எப்பவும் தன்னடக்கம்," என்று சொல்லி இந்திராணி போய்விட்டாள்.

மாலையில் மேளம் முன்னே வர, தெருத்தெருவாகப் பெண்கள் வந்தார்கள். வாழைப்பழமும் மஞ்சளும் தேங்காயும் வைத்த தாம்பாளங்களின் நடுவே, ஈரமண்ணோடு கூடிய முடிக்கொத்துகள் மல்லிகை சூடி அமர்ந்திருந்தன. மளிகைக் கடைத் தட்டு வந்தது. பேருந்து நிலையத் தட்டு வந்தது. ஆட்டோக்காரர்கள் தங்கள் தட்டைச் செங்கல்லோடு கொண்டுவந்தார்கள். முளைக்காத வீட்டாரும் வெறும் பழத்தட்டோடு முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தட்டாகக் கூடத்தில் வைக்க, தில்லைநாயகி நடுவில் மணையில் உட்கார்த்தப்பட்டு, முந்தானையை எடுத்துவிட்டு, எல்லாரும் பார்க்கத் தலையைத் திறந்துகொண்டிருந்தாள்.

இந்திராணி கடைசியாகத்தான் வந்தாள். முதல் தட்டு என்று அவள் ஒதுக்கிவைக்கச் சொல்லியிருந்த இடத்தில் தாம்பாளத்தை வைத்தாள். அதில் வெற்றிலையும் பாக்கும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

"தேடிப் பார்த்தோம்," என்றாள் மெதுவாக. "கட்டிலுக்கு அடியில, சுவரோரத்துல, ஜன்னல் பக்கத்துல. நர்ஸுங்களும் கூடத் தேடினாங்க."

மேளக்காரர் அடிப்பதை நிறுத்தினார். அந்த நேரத்தில்தான் மைமூன் வந்தாள். ஒரு தட்டு போதாதென்று இரண்டு தட்டுகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் ஒரு பெண்ணின் தலையளவு முடியைக் குவித்து, முழுக்கக் கனகாம்பரம் சுற்றி, மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பையில போட்டு யாருக்கும் தெரியாம குடுன்னு சொன்னாங்க அம்மா. அது எப்படிங்க? ஊரே தட்டோட போகுது, நான் மட்டும் பையோட போவேனா? எங்கிட்ட உள்ளதுதான் இருக்கிறதுலயே அடர்த்தி! கார்த்திகை, மார்கழின்னு மத்தியானமெல்லாம் எங்க பெஞ்சுலதானே இருந்தாங்க. டீகூட வேண்டாம்பாங்க. சும்மா தண்டவாளத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க."

அவள் தட்டை வைக்க இடம் தேடினாள். காலியாயிருந்த தாம்பாளத்தின் பக்கத்தில்தான் இடமிருந்தது. அங்கே வைத்தாள்.

எல்லாரும் அந்த இரண்டு தட்டுகளையும் பார்த்தார்கள். பிறகு பார்க்காதவர்களைப்போல் வாழைப்பழத்தையும் தேங்காயையும் பார்த்தார்கள். ஏளனமாக ஒரு சொல் வந்திருந்தால் தில்லைநாயகி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். அது வரவில்லை. இந்திராணிதான் தொண்டையைச் செருமினாள்.

"பினாயில் ஊத்திக் கழுவுற இடம். அங்க எப்படி முளைக்கும்?"

"ஆமா, பினாயில்!" என்றாள் வளைகாப்பு வீட்டுப் பெண், மூச்சுவிட்டபடி.

"பினாயில்ல புல்லே முளைக்காதே," என்றார் ஆட்டோக்காரர் ஒருவர். அன்றாடம் கழுவப்படும் பிராகாரத்திலிருந்து வந்த தட்டு அவர் காலடியிலேயே இருந்தது. அதை மெல்லப் பாதத்தால் ஒதுக்கிக்கொண்டார். பினாயில், பினாயில் என்று கூடம் முழுவதும் ஆறுதலாய் முணுமுணுத்தது. கடைசியில் எல்லாரும் கலியமூர்த்தியைப் பார்த்தார்கள். அவன் காலித் தட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல், "பினாயில்தான்," என்றான்.

உதிர்ந்த முடியெல்லாம் ஒரே நேரத்தில் தன் உச்சியில் முளைத்து, அத்தனையையும் யாரோ ஒரு கையால் பற்றி இழுப்பதுபோல் தில்லைநாயகிக்கு இருந்தது. தனக்காக ஓர் ஊரே பொய் சொல்லும்படி ஆகிவிட்டது. பொய்யே பேசத் தெரியாத ஒருவன் அதைச் சொல்லும்படியும் ஆகிவிட்டது.

எல்லாரும் போனபின், தட்டுகளுக்கு நடுவே நின்றபடி அவள், "பினாயில் இல்லைங்க," என்றாள்.

"தெரியும்," என்றான் அவன். சட்டையை மாட்டிக்கொண்டான். "எங்கிட்ட எதையும் சொல்லாத. கேட்டா நான் மன்னிச்சிடுவேன். மன்னிக்க வேண்டியவ கீழத்தெருவுல இருக்கா. அங்க போ."

கீழத்தெரு வீட்டில் சம்பூரணம் கட்டிலில் சாய்ந்து, செயலிழந்த இடக்கையில் ஒரு ரப்பர்ப் பந்தை வைத்துப் பிசையப் பழகிக்கொண்டிருந்தாள். தலையில் முடி விரல்நீளம் வளர்ந்திருந்தது, இம்முறை முழுவதும் வெள்ளையாய். காதுக்கு மேலே தழும்பு இருந்த வளைவில் மட்டும் வளரவில்லை. தில்லைநாயகி தரையில் உட்கார்ந்தாள்.

"என்னடி, இன்னைக்கு உனக்குச் சீராம்? மேளச்சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. எனக்குத்தான் அழைப்பு இல்ல."

"அண்ணி, நான் ஆஸ்பத்திரிக்கு வரலை. ஒரு நாள்கூட வரலை."

சம்பூரணம் பந்தைப் பிசைவதை நிறுத்தவில்லை. "இதைச் சொல்லவா வந்த? படுத்திருந்தது நான்தானே? எனக்குத் தெரியாதா நீ வரலேன்னு?"

"தெரிஞ்சும் ஏன் அண்ணி அவர்கிட்ட..."

"மண்டையைத்தான் திறந்தாங்க, புத்தியை எடுத்துப் போடலை. ஆயா கஞ்சி ஊட்டும்போது பக்கத்துக் கட்டில்காரி தினமும் கேப்பா, பகல்ல உனக்கு ஆரும் இல்லையாம்மான்னு. அவளுக்கு மூணு மருமக, மாத்தி மாத்தி வருவாளுங்க. எனக்கு ஆரும் வரலேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? என் தம்பி பொண்டாட்டி இப்பத்தான் வந்துட்டுப் போனா, நீதான் தூங்கிட்டேன்னு சொன்னேன். அவகிட்ட ஒண்ணும் தம்பிகிட்ட ஒண்ணுமா சொல்ல முடியுமா?"

தான் ஒருத்திதான் அந்த வெட்கத்தைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்ததாகத் தில்லைநாயகி இத்தனை நாளும் எண்ணியிருந்தாள். அதே வெட்கத்தின் மறுபாதியை, கை ஒன்று விழுந்து, வாய் கோணி, தலை மொட்டையாய் ஒருத்தி கட்டிலில் கிடந்து சுமந்திருக்கிறாள். இங்கேயே நிறுத்திக்கொண்டு எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வந்த வேலையின் பாதி முடிந்துவிட்டது. மறுபாதியை எவரும் கேட்கவில்லை.

"அண்ணி, உங்களுக்கு மொட்டை அடிச்சிட்டாங்கன்னு அவர் சொன்னப்ப..."

"ம்."

"எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

பந்து நின்றது. சம்பூரணம் அவளை நெடுநேரம் பார்த்தாள். வராததை அறிந்திருந்தவள் இதை அறிந்திருக்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"எவ்வளவு நேரம்?"

"எது அண்ணி?"

"சந்தோஷம். எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

தில்லைநாயகி எண்ணிப் பார்த்து, உள்ளபடியே சொன்னாள். "தெருமுனை திரும்புற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் வெட்கம்."

"அது இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"இருக்கட்டும்," என்றாள் சம்பூரணம். சற்றுப் பொறுத்து, "எந்திரி. விளக்கைப் போடு. என்னால எட்டாது," என்றாள்.

மறுநாள் தில்லைநாயகி தனியே மருத்துவர் ஆரோக்கியசாமியிடம் போனாள். நடவு வேண்டாம், மருந்து போதும் என்றாள். அவர் மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு, "அத்தனையும் வந்து சேர்ந்திருச்சே அம்மா. ரயிலடியில முளைச்சது முதல் தரம்னு சொன்னாங்களே," என்று வருத்தப்பட்டார்.

"அதைத் தலையில வச்சுக்க முடியாது டாக்டர். அது என் அண்ணிக்குச் சேரவேண்டிய நேரம்."

அவர் மேற்கொண்டு கேளாமல் மாத்திரைச் சீட்டை எழுதினார்.

கொடுத்த சீரைத் திருப்புவது பூவனத்துறையில் சிறிய செயல் அன்று. ஒவ்வொரு தட்டாக எடுத்துக்கொண்டு, உரிய வாசல்தோறும் போய், எடுத்த குழியிலேயே நட்டுவிடும்படி அவள் கேட்டுக்கொண்டபோது, "எங்க கை ராசியில்லைன்னு நினைச்சிட்டியா?" என்று சிலர் கேட்டார்கள், சிலர் கதவை ஒருக்களித்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள், வளைகாப்பு வீட்டுப் பெண் மட்டும், முற்றம் மறுபடி நிறைந்தது என்று மகிழ்ந்தாள். மைமூனின் இரட்டைத் தட்டை அவள் கடைசியாகக் கொண்டுபோனாள்.

"நான்தான் வாயை விட்டுட்டேன் போலம்மா," என்றாள் மைமூன்.

"நீங்க பார்த்ததைத்தானே சொன்னீங்க. நட்டுடுங்க. அதே பெஞ்சோரம். ஆராவது கேட்டா, என்னோடதுன்னு சொல்லுங்க."

மைமூன் நட்டாள். அது முன்போலவே செழித்தது. வண்டிக்குக் காத்திருப்பவர்கள் கேட்டார்கள், அவள் சொன்னாள். பினாயில் என்ற சொல் ஊரில் நெடுநாள் இருந்தது. எவர் எங்கே வராமற்போனாலும் அதற்குக் காரணம் பினாயில் என்று சொல்லிச் சிரிக்கும் வழக்கம் உண்டாயிற்று. தில்லைநாயகி கேட்க நேர்ந்தால் அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அடக்கிக்கொள்வது அவளுக்குத் தெரியும்.

மருந்து சொன்ன சொல் தவறாமல் வேலை செய்தது. ஆடி பிறப்பதற்குள் சீப்பில் ஒரு முடியும் வராமல் போயிற்று. வகிடு அகன்றது அகன்றபடியே நின்றது. அவள் நாள்தோறும் உச்சிவேளையில் தையல் எந்திரத்தை மூடிவைத்துவிட்டுக் கீழத்தெருவுக்குப் போனாள், சம்பூரணத்தின் இடக்கைக்குத் தைலம் தேய்த்தாள், விரல் விரலாக நீவி மடக்கினாள், குளிப்பாட்டினாள், குனிந்து ஊட்டினாள். சம்பூரணம் ஏச்சைக் குறைக்கவுமில்லை, மன்னித்தேன் என்று சொல்லவுமில்லை. தில்லைநாயகி மாலைவரை இருந்துவிட்டுத் திரும்பினாள். அவள் தலையிலிருந்து ஒன்றும் உதிரவில்லை. ஆகவே அந்த வீட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. கட்டிலைச் சுற்றியிருந்த சிவப்புச் சிமெண்டுத் தரை ஒரு கீறலும் இன்றிப் பளிங்குபோல் கிடந்தது.

ஊரோ, கண்ணால் காண்பதை விட்டுத் தரையைப் பார்த்து நம்பப் பழகியிருந்தது. தூக்குவாளியோடு அவள் அந்த வாசலில் நுழைவதைக் கண்டவர்களும், உள்ளே எட்டிப் பார்த்துத் தரை வெறுமையாய் இருப்பதைக் கண்டு, இன்னும் அவள் போவதில்லை என்றே பேசினார்கள்.

முதியோர் உதவித்தொகைக்காகக் கைநாட்டு வாங்க இந்திராணி ஒருநாள் வந்தாள். கட்டிலோரத்தில் உட்கார்ந்து தில்லைநாயகி சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இந்திராணி அவளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் இரக்கம் வந்தது.

"இன்னைக்காவது வந்தியே தில்லை," என்றாள். "எப்பவாவது இப்படி ஒரு எட்டு வந்துட்டுப் போ. வயசானவங்க பாவம்."

சம்பூரணத்தின் கண்கள் சிவந்தன. கோணல் வாயைத் திறந்து, "இந்தா பாரு இந்திராணி, இவ தினமும்..." என்று தொடங்கினாள். அந்தத் திறந்த வாயில் தில்லைநாயகி ஒரு கவளத்தை வைத்தாள். சம்பூரணம் திகைத்து மென்றாள். விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறப்பதற்குள் அடுத்த கவளம் வந்தது.

"சரிங்க, வரேன்," என்றாள் தில்லைநாயகி, இந்திராணியைப் பார்த்து, தலையைக் குனிந்து, உச்சி முழுவதும் தெரிய. "இனிமே அடிக்கடி வந்து பார்த்துக்கிறேன்."

இந்திராணி கைநாட்டை வாங்கிக்கொண்டு திருப்தியோடு போனாள். வெளிவாசல் கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது.

"என் வாயை அடைக்கிறியா?" என்றாள் சம்பூரணம்.

"சாப்பிடுங்க அண்ணி."

அவள் தம்பி மனைவியை உற்றுப் பார்த்தபடி மெதுவாக மென்று முடித்தாள். கடைவாயில் ஒட்டியிருந்த பருக்கையைத் தில்லைநாயகி துடைத்துவிட்டாள்.

"உப்பு பத்தலை," என்றாள் சம்பூரணம். "நாளைக்காவது ருசி பார்த்துட்டுக் கொண்டா."